தண்ணீர் ஏறியபின் எண்ண வந்தவர்கள்

‘வலசைப் பறவைகள்: இல்லை.’

அடையாறு முகத்துவாரத்தில் விளக்குகளோடு நடைபாதை போடுவதற்கான அறிக்கையில் இருந்த அந்த வரியைப் படித்ததும் ரோஸிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் முப்பத்தோரு வருஷம் ரத்த அணுக்களை எண்ணியவர் அவர். ஓய்வு பெற்ற மறுவாரமே பட்டினப்பாக்கத்து வீட்டிலிருந்து நடந்துபோய், சேற்றுத்திட்டில் இரை கொத்தும் உள்ளான் குருவிகளை எண்ணத் தொடங்கினார். கையில் அணு எண்ணப் பழகிய அதே மாதிரிப் பொத்தான் கருவி. சைபீரியாவிலிருந்து கைப்பிடி உடம்போடு பறந்து வரும் ஜீவன்கள். ஒன்பது பனிக்காலம், ஒரு சனிக்கிழமை தவறவில்லை. அத்தனையையும் ஒரே சொல்லில் துடைத்துவிட்டார்கள்!

அறிக்கையில் கணக்கெடுத்ததாகப் போட்டிருந்த நாளையும் நேரத்தையும் தம்பி ஏசுராஜுக்குப் படித்துக் காட்டினார். வலையை உதறிக்கொண்டிருந்தவன் சிரித்துவிட்டான். “தை அமாவாச, காலைல ஒம்போது மணியா? தண்ணி முழுசா ஏறிகீதுக்கா. சேறே தெரியாது. குருவி இன்னா, நீச்சலா அடிக்கும்?”

ஆழ்வார்பேட்டையில் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ரோஸி ஒன்பது பனிக்காலக் கணக்கு எழுதிய தன் நோட்டுகளை மேஜைமேல் வைத்தார். அறிக்கை தயாரித்த நிறுவனத்தின் சாய்சரண் அவற்றைத் திறக்கவில்லை.

“மேடம், நீங்க பறவையியல் படிச்சிருக்கீங்களா?”

“இல்ல. ஆனா ஊசியைத் தலகாணில குத்திட்டு, நோயாளிக்கு ரத்தமே இல்லன்னு நான் எழுதினதில்ல.”

பின்வரிசை மீனவப் பெண்கள் கைதட்டினார்கள். கூட்டத்தை நடத்திய அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, “இப்ப என்ன செய்யணும்ங்கறீங்க?” என்றார்.

“மறுபடி எண்ணணும். வர்ற நாலாம் பிறை அன்னிக்கு, காலைல ஆறரை. தண்ணி வத்தியிருக்கும். நானும் வருவேன்.”

சாய்சரண் கைப்பேசியைப் பார்த்தான். “பத்து மணிக்கு வச்சுக்கலாமா மேடம்? டீம் வேளச்சேரிலேர்ந்து வரணும்.”

“அதுங்க சைபீரியாலேர்ந்து வந்திருக்குப்பா!”

அதிகாரியாலேயே சிரிப்பை அடக்க முடியவில்லை. ரோஸி சிரிக்கவில்லை. கூட்டக் குறிப்பில் ‘மறு கணக்கெடுப்பு, காலை 6.30, அதுவரை பணி இல்லை’ என்று அதிகாரி எழுதி முடிக்கும்வரை நின்றபடியே பார்த்தார். பிறகு அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.