எழுபது காட்டிய முள்

என் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் ஸ்பீடோமீட்டரை விளாங்குடி மெக்கானிக் செல்வம் சரிசெய்து கொடுத்தார். பக்கத்தில் வந்த நண்பனின் பைக் அறுபது காட்டினால், என் முள் எழுபதில் நின்றது. நண்பர்களோடு திரும்பிப் போய், "என்னய்யா வேலை பாத்திருக்கே?" என்று கத்தினேன்.

அவர் ஒரு வீலைக் கழற்றி, உள்பக்க அழுக்கைத் துடைத்து, எனக்கு மட்டும் தெரியும்படி திருப்பினார். அதில் வேறொரு காரின் பெயர் இருந்தது. "இது சின்ன வீலுண்ணே. அதிகமாச் சுத்தும், முள்ளு கூடத்தான் காட்டும்" என்றார் மெதுவாக.

வேறு காரின் வீல்கள் என்று தெரிந்துதான் வாங்கி மாட்டியிருந்தேன். நண்பர்களிடம் ஒரிஜினல் என்று பீற்றியிருந்தேன்.

"வாயை மூடிட்டு மாட்டுய்யா."

மாட்டினார். நண்பர்களிடம் வீலைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

மீட்டரைக் கெடுத்தவர் அவர்தான் என்று இன்றும் சொல்கிறேன். தனியாகப் பசுமலைக்கு ஓட்டும்போது மட்டும், எழுபதை அறுபது என்று படித்துக்கொள்கிறேன்.