ஒரு கழுத்தின் மீது சுமத்தப்பட்டவை

ஜூன் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, இரவு உணவின்போது இழைக்கப்பட்ட குற்றம் இது: தன் அறையைத் திருப்பித் தரும்படி மனைவி கேட்டதற்கு, கணவர் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "அது நீ பேசல, உன் தைராய்டு பேசுது" என்றார். சாட்சி, அவருடைய தம்பி. சாட்சி சிரிக்கவும் செய்தார்.

மனைவி ஒரு பெரிய அலுவலகத்தின் ஆவண அறைக்குப் பொறுப்பாளர். அங்கே எல்லாருக்கும் 'ஃபைல் அக்கா.' பேருந்துச் சீட்டைக்கூடக் குண்டூசி குத்திப் பாதுகாப்பவர். சில நாள் தங்கிப் போவதாக வந்த கொழுந்தன் அவருடைய அறையில் கட்டில் போட்டுப் படுத்து, பருவங்கள் மாறிவிட்டன. கோப்புகள் பரணுக்கு ஏறின. மேசை வாசற்பக்கம் மழையில் நனைந்தது. மருந்தும் விருந்தும் மூன்று நாள் என்பார்கள். இந்த வீட்டில் இரண்டுமே ஆயுள் சந்தா.

விடிந்ததும் மனைவிக்கு வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை. பிறகு அரை மணி நேரம் காபி கிடையாது. அந்த அரை மணியில்தான் அவர் படித்தார். மருத்துவர் இரண்டே வாக்கியத்தில் முடித்துக்கொண்டதை, நூலகத்து உடற்கூற்று நூல்களில் தாமே துருவித் தேடினார். குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலின் முன்புறம், பட்டாம்பூச்சி சிறகு விரித்தாற்போல் இரு மடல்கள். நடுவே இணைக்கும் மெல்லிய பாலம். உணவில் வரும் அயோடினைப் பிடித்து ஹார்மோன் செய்து இரத்தத்தில் கலக்கும் சுரப்பி அது. உடம்பின் அடுப்பு எவ்வளவு எரிய வேண்டும் என்பதை அந்த ஹார்மோன்தான் சொல்கிறது. சுரப்பி சுணங்கினால், மூளைக்கு அடியிலிருக்கும் பிட்யூட்டரி நினைவூட்டல்களைக் கூட்டிக்கொண்டே போகும். பரிசோதனைத் தாளில் எகிறி நிற்கும் எண் அந்த நினைவூட்டல்களின் அளவுதான். பதில் வராத இடத்துக்கே ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கும் பிட்யூட்டரியின் மீது அவருக்குச் சக ஊழியர்பால் தோன்றும் பரிவு பிறந்தது.

எத்தனை பக்கம் புரட்டியும், சொந்த அறையைக் கேட்பது நோயின் அறிகுறி என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. சோர்வு, தீராத தூக்கம், உடல் பருத்தல், குளிர் தாங்காமை என்றே இருந்தது. படித்தவர் நிமிர்ந்து அறைக்கதவைப் பார்த்தார். உள்ளே, கம்பளிக்குள், குறட்டை.

"தம்பி, உங்களுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாமா?"

கொழுந்தனின் முகம் மலர்ந்தது. "அதான பாத்தேன், அண்ணி! வேலைக்குப் போகணும்னுதான் நெனைக்கறேன், உடம்பு எழுந்திருக்க மாட்டேங்குது. எனக்கும் கண்டிப்பா இருக்கும்!"

பரிசோதனை நாளில் அவர் அண்ணிக்கு முன்பே குளித்துத் தலைவாரி நின்றார். அந்த வீட்டில் அவர் விடியலைப் பார்த்தது அன்றுதான்.

முடிவு வந்த இரவு, சாப்பாட்டு மேசையில் அண்ணன் தம்பி தட்டுகளுக்கு நடுவே இரண்டு தாள்கள் கிடந்தன.

"என்ன, மறுபடி ஆரம்பிச்சிட்டியா? இன்னிக்கு மாத்திரை போட்டியா?" என்றார் கணவர்.

"போட்டேன். இந்தப் பக்கம் இருக்கறது என்னோடது, நார்மல். மருந்து சரியா வேலை செய்யுது. அந்தப் பக்கம் தம்பியோடது. அதுவும் நார்மல்."

"நார்மலா?" கொழுந்தனின் குரல் உடைந்தது. "நல்லாப் பாத்தாங்களா, அண்ணி?"

"நல்லாவே பாத்தாங்க. என் கோவம் என் சொந்தம், உங்க தூக்கம் உங்க சொந்தம். வாயில்லாத சுரப்பி மேல பழி போடாதீங்க."

கணவர் தொண்டையைச் செருமினார். "சரி, சரி. சாப்பிட்டுட்டுப் பேசிக்கலாம்."

"பேசவே வேணாங்க. பேசினா தைராய்டும்பீங்க. ரூம் எந்தத் தேதி காலியாகும்னு எழுதிக் குடுங்க."

வெள்ளைத் தாளைத் தட்டின் மேல் விரித்து, பேனாவின் மூடியைக் கழற்றி, கரண்டிக்காக நீண்டிருந்த கணவர் கையில் வைத்தார்.