நான் வரைந்த நண்டு யாருக்குச் சொந்தம்?

கேட்டவர்களுக்குப் படம் வரைந்து கொடுக்கிற தொழிலில் கை வலிப்பது கம்மி, வரைந்த பிறகு "இது யாருது?" என்று பேசிப் பேசி வாய் வலிப்பதுதான் ஜாஸ்தி.

என் பெயர் ஷமீமா. ரெட்டியார்பாளையத்தில் வீட்டு முன்னறையில் மேஜை போட்டு வரைகிறேன். மசாலா பாக்கெட், மெனு கார்டு, காலண்டர் எல்லாவற்றிலும் என் கைவரிசை உண்டு. ஆர்டருக்கு வரைகிறவர்களும், வரையச் சொல்லிவிட்டு முழிக்கிறவர்களும் இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே பெஞ்சு.

கடக ராசி

சேதராப்பட்டில் மசாலா கம்பெனி வைத்திருக்கும் குமரேசன், நண்டு மசாலா பாக்கெட்டுக்கு ஒரு படம் கேட்டார். கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும் நண்டை மைக்கோட்டில் வரைந்து கொடுத்தேன். பாக்கெட்டுக்கு என்று வாயால் பேசியதோடு சரி, எழுத்தில் ஒன்றுமில்லை. அடுத்த மாதம் நண்டு அவர் வேனில் ஏறியது. பிறகு வேலையாட்களின் டி-ஷர்ட்டில். பிறகு அவர் மச்சானுடைய ஓட்டல் போர்டில். கேட்டால், "மாடு வாங்கினா கன்னுக்குட்டியும் கூடத்தானே மேடம் வரும்?" என்றார்.

என்னோடு படித்த கலா இப்போது வக்கீல். அவளிடம் ஓடினேன். "படத்தை வாங்கறது வேற, காப்பிரைட்டை வாங்கறது வேறடி," என்றாள். "எதுவும் எழுதிக்கலன்னா இந்த மாதிரி கோட்டுப் படத்தோட உரிமை வரைஞ்ச உன்கிட்டதான் நிக்கும். ஆனா ஆளோட உருவப்படம், பெயிண்டிங் மாதிரி சிலது, காசு குடுத்து வரையச் சொன்னவருக்கே போயிடும். அதனால எதுவா இருந்தாலும் முன்னாடியே எழுதிக்கோ."

எந்தப் படம், எதற்கு, எவ்வளவு நாள் என்று ஒரே பக்கத்தில் ஒரு தாள் தயார் செய்தேன். குமரேசன் நல்ல மனுஷர். வாய்விட்டுப் படித்து, தலையை ஆட்டி, கையெழுத்துப் போட்டார். வேனையும் டி-ஷர்ட்டையும் தாளில் சேர்த்துக்கொண்டோம். மச்சானின் போர்டு இறங்கியது. ஊரையே திருத்திவிட்ட மாதிரி எனக்கு ஒரே பெருமை. ஒரு நாள் விழுப்புரம் ரோட்டில் பஸ்ஸில் போகிறேன், பத்தடி உயரத்தில் அவர் மகள் கல்யாண பேனர். மணப்பெண் ஒரு பக்கம், மாப்பிள்ளை ஒரு பக்கம், நடுவில் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு என் நண்டு! பஸ்ஸிலிருந்தே போன் போட்டேன். அவர் கொஞ்சமும் பதறவில்லை.

"மாப்பிள்ளை கடக ராசி மேடம், வேற எதப் போடறது?"

மூக்குத்தி

கடற்கரைப் பக்கம், பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய ஒயிட் டவுனில் ஒரு காபிக் கடைக்காரர் மெனு அட்டைக்குப் பெரிய மார்க்கெட்டை வரையச் சொன்னார். இந்த முறை நான் உஷார். தாளில் எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் பென்சிலையே தொட்டேன். நடுவில் பூக்காரி செல்வி அக்காவைக் கூடையோடு உட்காரவைத்தேன். அட்டை அமோகமாக வந்தது.

யாரோ அதைப் போட்டோ எடுத்துச் செல்வி அக்காவிடமே காட்டிவிட்டார்கள். "வரச் சொல்லு அந்தப் பொண்ண" என்று ஆள் வந்தது. போனேன். வரைந்த உரிமை என்னுடையது, அச்சடிக்கிற உரிமை கடைக்காரருடையது என்று கலா எனக்குச் சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். செல்வி அக்காவிடம் மட்டும் நான் ஒரு வார்த்தை கேட்கவே இல்லை என்பது, பாதியில்தான் எனக்கே உறைத்தது. செல்வி அக்கா மல்லி கட்டுவதை நிறுத்தாமல் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு நிமிர்ந்து தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

"மூஞ்சிய கேக்காம எடுத்துக்கினது கூட போவட்டும்மா, மூக்குத்திய இன்னா பண்ண?"

காது சொறியும் நாய்

படத்தில் மூக்குத்தி வைத்து, செல்வி அக்காவிடம் காட்டி, சரி வாங்கி, மறுபடி அச்சடித்தோம். அதோடு எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஒரு ஜவுளிக் கடைக் காலண்டருக்கு, மழையில் நனையும் பழைய லைட் ஹவுஸ் கேட்டார்கள். வெளியே வெயில் கொளுத்துகிறது, மழைக்கு எங்கே போவது? நெட்டில் கிடைத்த ஒரு போட்டோவைப் பார்த்து அப்படியே வரைந்துவிட்டேன். யார் எடுத்தது என்று தேடக்கூட இல்லை. நெட்டில் கிடந்தால் ஊர்ச் சொத்து என்று நினைப்பு. அடுத்தவருக்கெல்லாம் பாடம் எடுத்த வாய் இது!

காலண்டர் கட்டுக்கட்டாக வந்து இறங்கிய அன்று நானும் கடையில் இருந்தேன். கல்யாண போட்டோகிராபர் பிரான்சிஸ் கடைக்குத் துணி எடுக்க வந்திருந்தார். காலண்டரைப் பார்த்தார், தான் எடுத்த போட்டோவைப் போனில் தேடி என் முன்னால் நீட்டினார். அதே மழை, அதே லைட் ஹவுஸ், கீழே காது சொறிகிற அதே நாய். இத்தனை வருஷம் சேர்த்த பேர் ஒரு நாயால் போச்சு என்று நினைத்தேன். மழுப்பாமல் கடை முதலாளியிடம் உள்ளதைச் சொன்னேன். பிரான்சிஸிடம் மன்னிப்புக் கேட்டேன். அவரும் பெரிய மனசு பண்ணினார்: போட்டோவைப் பயன்படுத்த அனுமதி எழுதிக் கொடுத்தார், ஒவ்வொரு காலண்டரிலும் தன் பெயர் வர வேண்டும் என்றார். சின்னச் சீட்டுகளில் பெயரை அச்சடித்து வந்து, நானும் அவரும் கடை மாடியில் உட்கார்ந்து சாயங்காலம் வரை ஒட்டினோம். கடைசிக் கட்டை முடிக்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்.

"அந்த நாய மட்டும் விட்டிருந்தீங்கன்னா, நான் கண்டே புடிச்சிருக்க மாட்டேன் மேடம்."

சிரிப்பு

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் அந்துவான், எங்களுக்கெல்லாம் முசியே, அதாவது ஐயா. இறந்துபோன மனைவியை எண்ணெய் வண்ணத்தில் வரையக் கேட்டு வந்தார். அவரிடம் இருந்தது பாஸ்போர்ட் போட்டோ மட்டும். அதில் சிரிக்கக் கூடாதாமே, அந்த அம்மாள் உர்ரென்று இருந்தார். "எப்படிச் சிரிப்பாங்க முசியே?" என்று கேட்டேன். அவர் தமிழில் பிரெஞ்சு கலந்து உளறும்போதெல்லாம், வாயைப் பொத்திக்கொண்டு கண்ணால் மட்டும் சிரிப்பார்களாம். சொல்லும்போது அவரே வாயைப் பொத்திக் காட்டினார். அந்தக் கண்களை மூன்று தடவை அழித்து வரைந்தேன்.

படத்தைக் கொடுக்கும்போது வழக்கமான விளக்கத்தை ஆரம்பித்தேன். இது உருவப்படம், நீங்கள் கேட்டு வாங்கியது, வேறு விதமாக எழுதிக்கொள்ளாததால் உரிமை உங்களுக்கே, எதில் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்றேன். வீட்டில் மாட்டுகிற படத்தில் என் பெயர் எதற்கு என்று கையெழுத்தும் போடவில்லை. அவர் காதில் ஒன்றும் விழவில்லை. படத்தின் கீழ் மூலையில் என் பெயரைத் தேடினார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். எண்ணெய் வண்ணத்தின் மேல் பேனா ஓடாது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"படம் என்னுதாவே இருக்கட்டும், ஆனா இந்தச் சிரிப்பக் கொண்டாந்தது நீ, பேர எழுதும்மா."

முன்னாலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டால் சிநேகம் மிஞ்சும், எழுதாமல் விட்டால் இப்படி எழுதுவதற்குக் கதை மிஞ்சும் என்பதால் எனக்கு இரண்டிலுமே நஷ்டமில்லை.