பனிமலைக்குப் போன மஞ்சள் கயிறு

இன்று காலை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தர் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், மறுபடியும் வடக்க மலைக்குப் போறீகளாமே?"

"ஆமாக்கா."

"என்ன வேண்டுதல்?"

எனக்கு வயது ஐம்பத்தெட்டு. ரிட்டயர் ஆகப்போகிறேன். இந்தக் கேள்வி மட்டும் ரிட்டயர் ஆகிற மாதிரித் தெரியவில்லை.

சரி, எழுதிவிடுகிறேன்.

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுப் பெண்கள் சும்மா எந்த ஊருக்கும் போனதில்லை. வேளாங்கண்ணி போவோம், பூண்டி போவோம். கிளம்புவதற்கு ஒரு வேண்டுதல் வேண்டும். அதுதான் எங்கள் பாஸ்போர்ட்.

எனக்கும் ஒன்று இருந்தது. நான் வைத்ததல்ல, வீட்டில் வைத்தது. மாப்பிள்ளை.

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து வருஷா வருஷம் மே லீவில் அண்ணி என் கையில் ஒரு மஞ்சள் கயிற்றைக் கொடுப்பார். வேளாங்கண்ணிக்குப் போய் மாதா கோயில் கம்பியில் கட்டிவிட்டு வருவேன். (அந்தக் கம்பியில் பாதி இடம் என்னுடையது. பட்டா கேட்டிருக்கலாம்.)

2002-இல் எனக்கு முப்பத்தாறு. அந்த வருடம் ஸ்டாஃப் ரூமில் மணாலி டூர் பேச்சு வந்தது. ஏற்பாடு செய்தது கணக்கு டீச்சர் கண்மணியும் அவர் வீட்டுக்காரரும். கண்மணிக்குச் சொந்த ஊர் தொப்பம்பட்டி. கோபத்தில்கூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்.

அவர் காட்டிய படத்தில் மலை முழுக்கப் பனி. பார்த்ததும் போக வேண்டும் என்று தோன்றியது. 

வீட்டில் சொன்னேன்.

அண்ணன் பேப்பரை மடித்தார். "மலைதான வேணும்? மாடிக்குப் போ. இந்தப் பக்கம் மலைக்கோட்டை, அந்தப் பக்கம் சிறுமலை. பத்தலையா, கொடைக்கானல் பஸ் ஏறு."

அண்ணி கேட்டார். "அங்க என்ன கோயிலு இருக்கு?"

"கோயில் பாக்கப் போகல அண்ணி."

"பெறகு எதுக்குப் போற?"



மறுநாள் ஸ்டாஃப் ரூமில் கண்மணி யோசனை சொன்னார். "ஏனுங்க டீச்சர், அங்க ஒரு மாதா கோயில் இருக்குதுன்னு சொல்லீருங்க. வேல முடிஞ்சுது."

சுலபமான வழிதான். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டுப் போனால் அதுவும் மாப்பிள்ளைப் பயணம் ஆகிவிடும். யாரிடமும் எதையும் கேட்காமல் ஒரே ஒரு ஊருக்குப் போய்வர வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதை ஒரு பொய்க்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

அன்று மாலை அண்ணனிடம் போய் நின்றேன். "கோயில் இல்ல, வேண்டுதலும் இல்லண்ணே. சும்மா போறேன். டிக்கெட் எடுத்தாச்சு."

"ஊரு என்ன பேசும்னு தெரியுமா?"

"இப்ப மட்டும் பேசாமயா இருக்கு?"

ஸ்டேஷனுக்கு அண்ணன் வரவில்லை. அண்ணி வந்தார், புளிச்சோற்றுத் தூக்குடன். ரயில் நகரும் நேரத்தில் ஜன்னல் வழியாகக் கையில் எதையோ திணித்தார்.

மஞ்சள் கயிறு.

"எந்தக் கோயிலா இருந்தாலும் பரவால்ல, கட்டிட்டு வந்துரு. மாதா ஒண்ணும் கோச்சுக்கிறாது."

டெல்லி வரைக்கும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

மணாலியிலிருந்து மேலே போகும் வழியில் கோட்டும் கம் பூட்ஸும் வாடகைக்குக் கொடுக்கிறார்கள். எனக்குக் கிடைத்த கோட்டில் பத்துப் பேர் வியர்வை. பூட்ஸ் ஆண்கள் சைஸ்.

"இதுக்குள்ள ரெண்டு பேரு குடியிருக்கலாமுங்க டீச்சர்" என்றார் கண்மணி.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பனியில் இறங்கினேன். இரண்டு எட்டு வைத்தேன். கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை. மாட்டிக்கொண்டு திரும்பவும் நடந்தால் இன்னொரு கால் பூட்ஸும் அப்படியே நின்றுவிட்டது.

"ஏனுங்க, வண்டியிலயே உக்காந்துக்குங்க. நாங்க போயிட்டு வந்தர்றோம்."

இவ்வளவு பேரிடம் சண்டை போட்டு வந்தது வண்டியில் உட்காரவா? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கர்ச்சீப் எடுக்கக் கைப்பையில் கைவிட்டேன். விரலில் அந்தக் கயிறு பட்டது.

பல்லால் கடித்து இரண்டாக்கினேன். இடது காலுக்குப் பாதி, வலது காலுக்குப் பாதி. கணுக்காலோடு பூட்ஸை இறுக்கி மூன்று முடிச்சுப் போட்டேன். (பழக்கதோஷம்.)

பூட்ஸ் அசையவில்லை.

ஏறினேன். மூச்சு வாங்கியது, நின்றேன், திரும்ப ஏறினேன். மே மாதத்தில் தண்ணி லாரிக்குக் குடத்தோடு காத்துக் கிடக்கிற ஊர்க்காரி நான். அங்கே கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர் உறைந்து கிடந்தது. குடத்தோடு பிடிக்க ஓர் ஆள்கூட இல்லை.

கை தன்னால் சிலுவை போட்டது. வாய் தன்னால் கேட்கத் திறந்தது. கேட்க ஒன்றுமே இல்லை.

"நல்லா இருக்கு சாமி" என்று மட்டும் சொன்னேன். அப்புறம் அழுதேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி கேட்ட முதல் கேள்வி.

"கட்டுனியா?"

"கட்டிட்டேன்."

அண்ணி முகத்தில் வெளிச்சம். "எங்க?"

"கால்ல."

நடந்ததைச் சொன்னேன். அண்ணி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"பாவம்டி அது."

"இம்புட்டு வருஷம் கம்பியில கட்டுனேன். கம்பி எங்கயும் போகல அண்ணி. இந்தத் தடவ நான் போனேன்ல."

 அடுத்த மே மாதம் நான் கிளம்பியபோது கயிறு வரவில்லை. தூக்கில் புளிச்சோறு மட்டும் வந்தது.

அதன்பிறகு சிக்கிம், ஸ்பிதி என்று எத்தனையோ மலை பார்த்துவிட்டேன். கல்யாணம் ஆகவில்லை. குறையும் இல்லை.

இதையெல்லாம் இன்று கோயில் வாசலில் நின்று விளக்க முடியுமா?

"வேண்டுதல்லாம் ஒண்ணுமில்லக்கா. சும்மா போறேன்."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படி ஒரு பரிதாபம் முகத்தில். "விடுங்க டீச்சர். உங்களுக்காக நான் வேண்டிக்கிறேன்."

"அப்ப ஒண்ணே ஒண்ணு வேண்டிக்கங்க. இந்தத் தடவையாவது என் சைஸ்ல பூட்ஸ் கெடைக்கணும்."