மரியாதையால் படுத்துவிட்ட இன்டர்நெட்

சென்ற செவ்வாய்க்கிழமை பின்னேரம் மன்னார் நகரில், அன்ரனின் நெட் கஃபேயில் இருந்தேன். பக்கத்துக் கதிரையில் ஜெயராணி. மடியில் நான்கு மாதப் பெண் குழந்தை. கணவருக்குச் சரக்குக் கப்பலில் வேலை. பிள்ளையின் முகத்தை இன்னும் பார்க்கவில்லை. அன்று கப்பல் ஏதோ ஒரு துறைமுகத்தில் நின்றது... ஆறு மணிக்குப் போய்விடும். அதற்குள் கமெராவில் பார்த்தால்தான் உண்டு.

ஐந்து மணி. திரையில் அவரின் பாதி நெற்றி மட்டும் வந்து அப்படியே நின்றுவிட்டது.

"அன்ரன் அண்ணை, என்ன இது? போன கிழமை நல்லாத்தானே வேலை செய்தது?" – ஜெயராணிக்கு அழுகை வந்துவிட்டது.

அன்ரன், அன்டெனா வைத்து ஊருக்கே இன்டர்நெட் கொடுப்பவர். வீதிக்கு எதிர்ப்பக்கம் நிஹ்மத் நானாவுக்கும் (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்) அதே தொழில். போட்டியாளர்கள்தான். ஆனாலும் நோன்புக் கஞ்சியும் கிறிஸ்மஸ் கேக்கும் வீதியைக் கடக்கும். ஈமெயில் மட்டும் கொழும்புக்குப் போய், சிங்கப்பூருக்குப் போய், திரும்பி எதிர்க்கடைக்கு வரும். நாற்பது அடி தூரத்துக்கு!

ஆகவே அதற்கு முந்தின வாரம் இருவரும் வீதிக்கு மேலால் ஒரு வயர் இழுத்து, அன்று காலைதான் இரண்டு நெட்வொர்க்கையும் இணைத்தார்கள். ஆமிக்காரர் இரண்டு தரம் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

இன்டர்நெட்டின் முழு வரைபடம் யாரிடமும் இல்லையாம் – அன்ரன் விளக்கினார். ஒரு ரவுட்டர் பக்கத்து ரவுட்டரிடம், "இன்னின்ன இடங்களுக்கு என்னூடாகப் போகலாம்" என்று சொல்லும். மற்றது நம்பிவிடும். அடையாள அட்டை கேட்காமல் நம்புகிற ஒரு ஆள் எங்கள் ஊரில் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அன்ரன் தன் ரவுட்டரை என்ன சொல்ல வைத்திருக்க வேண்டும்? "என் வாடிக்கையாளர்களிடம் மட்டும் போகலாம்" என்று. அது சொன்னதோ, "உலகம் முழுக்கப் போகலாம்!" சும்மா கிடைக்கிற வழியை யார் விடுவார்? நானாவின் வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் அன்ரனின் ஒல்லி லைனுக்குள் புகுந்துவிட்டார்கள்.

"ஏன் அன்ரன் அப்பிடிச் செய்தனீர்?" என்று கேட்டேன்.

"நானாவைக் கூப்பிட்டிட்டு, விறாந்தையோட நில்லுங்கோ எண்டு சொல்லேலுமே, அண்ணை?"

ரவுட்டருக்கு விருந்தோம்பல்! எங்கள் ஆட்களைத் தவிர வேறு யார் செய்வார்கள் இதை? திருத்தவும் தயங்கினார் – நானா குறை நினைப்பாராம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நானே வீதியைக் கடந்து போய் விஷயத்தைச் சொன்னேன்.

"அல்லாஹ்வே! காலமை துவக்கம் நல்ல ஸ்பீட் எண்டு சந்தோசப்பட்டுக்கொண்டெல்லோ இருந்தனான்!" நிஹ்மத் நானா ஒரே இழுவையில் வயரைக் கழற்றினார். "முதல்ல அந்தப் பிள்ளையைக் காட்டச் சொல்லுங்கோ. வயரை நாளைக்குப் பாப்பம்."

திரும்பி வந்தேன். படம் அசைந்தது, ஆனால் விக்கி விக்கி. கஃபேயில் இருந்த நாங்கள் ஏழு பேரும், ஒருவரும் கேட்காமலே, லைன் முழுக்க அவளுக்கே கிடைக்கட்டும் என்று எங்கள் வேலைகளை மூடினோம். முகம் முழுதாகத் தெளிந்தது. குழந்தையோ நல்ல நித்திரை. ஜெயராணி கன்னத்தைத் தட்டப் போனாள்.

"எழுப்பாதையும், ராணி... இப்பிடியே பாக்கிறன்" – திரையில் கணவர்.

மனம் நிறைந்துபோய் இருந்தேன். ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னர் அவர் எழும்பிப் போகும்வரை, எங்களில் ஒருவரும் மவுஸைத் தொடவில்லை.