வலது கால் அடையாளம்

பச்சையம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், முதலில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடந்த சண்டையைச் சொல்ல வேண்டும். அடி அண்ணாமலையில் எங்களைப் போல வாய் ஓயாமல் சண்டை போட்டவர்கள் கிடையாது. போட்டுவிட்டு, அடுத்த வேளைக்குக் குழம்பு வாங்க அதே வாசலுக்குப் போனவர்களும் கிடையாது. எல்லாம் கோழியால் வந்த வினை.

அவள் வீடும் என் வீடும் அடுத்தடுத்து. நடுவில் பேருக்கு ஒரு முள்வேலி. இரண்டு வீட்டிலும் சிறுவிடைக் கோழிதான். நாட்டுக்கோழியில் அது சின்ன உடம்புக்காரி. கால் மெலிசு, சாம்பல் நிறம். பொழுது சாய்ந்தால் கூண்டுக்கு வராது, பறந்து போய்ப் புளியமரத்தில் உட்காரும். முட்டை கொஞ்சம்தான் இடும். ஆனால் தானே அடைகாத்து, தானே பொரித்து, காக்காய் வந்தாலும் கீரி வந்தாலும் தானே எகிறிக் குதித்துக் குஞ்சைக் காப்பாற்றிக்கொள்ளும். வளர்ப்பவளுக்கு வேலை வைக்காத கோழி என்றால் அதுதான்.

வேலியைத் தாண்டி இரண்டு வீட்டுக் கோழியும் ஒன்றாக மேயும். எது யாருடையது என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் அடையாளம். குஞ்சு பொரித்துக் கூடையிலிருந்து இறக்குகிற அன்றே, கால் விரல் ஒன்றின் நுனியை நகத்தோடு சேர்த்து வெட்டிவிடுவோம். ஒரு சொட்டு ரத்தம் வரும். மஞ்சளை அப்பினால் நின்றுவிடும். அந்த விரல் பிறகு வளராது. பச்சையம்மாள் வீட்டுக்கு இடது கால் உள்விரல். எங்கள் வீட்டுக்கு வலது கால் உள்விரல். எங்கள் மாமியார்கள் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. யாரும் மீறியதில்லை, கவியாவைத் தவிர.

கவியா பச்சையம்மாளின் ஒரே மகள். பீச்சாங்கைக்காரி. குஞ்சைச் சோற்றுக்கையில் மல்லாத்திப் பிடித்து, பீச்சாங்கையில் நகவெட்டியை எடுப்பாள். அப்படிப் பிடித்தால் வாகாக வருவது குஞ்சின் வலது கால்தான். வெட்டிவிடுவாள். அத்தோடு அந்தக் குஞ்சு எங்கள் வீட்டுக் குஞ்சாகிவிடும். நான் விடுவேனா? "யக்கா, அடையாளம் இன்னா சொல்லுது? வலது காலு. அப்போ எங்க வூட்டுக் கோழி" என்று வேலியில் நின்று கத்துவேன். "பீச்சாங்கையால வெட்டாதடி, எத்தினி வாட்டி சொல்றது உனுக்கு" என்று பச்சையம்மாள் மகள் முதுகில் ஒன்று வைப்பாள். கவியா சிரித்துக்கொண்டே ஓடிவந்து என் பின்னால் ஒளிந்துகொள்வாள். சண்டை என்றால் இப்படித்தான். கடைசியில் கோழி அவர்கள் வீட்டுக்கே போகும், முட்டை எனக்கு வரும்.

பிறகு நான் வீட்டைச் சுற்றி சிமெண்ட் போட்டேன், கோழியை விட்டுவிட்டேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வருகிறவர்களுக்கு மோரும் சுண்டலும் விற்பதிலேயே என் பொழுது சரியாகிவிட்டது. பச்சையம்மாள் விடவில்லை. மகளை வேங்கிக்காலில் மணிவேலுக்குக் கட்டிக்கொடுத்தபோது, சீர்வரிசைப் பாத்திரத்தோடு ஒரு சேவலும் ஒரு பெட்டையும் கூடையில் போயின. போன இடத்திலும் கவியா கோழி பெருக்கினாள். போனில் தாயும் மகளும் பேசினால் பாதி நேரம் கோழிப் பேச்சுதான்.

போன ஐப்பசியில் கவியா செத்துப்போனாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. குழந்தை குட்டி இல்லை.

காரியம் முடியும்வரை பச்சையம்மாள் வேங்கிக்காலில் இருந்தாள். இங்கே மழை. கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் கண்டது. சொட்டு மருந்து கொடுக்க ஆளில்லை. அவள் புருஷன் இருசப்பனுக்கு அந்தச் சமயத்தில் கோழியா கண்ணில் படும்? எனக்கும் படவில்லை. அவள் திரும்பி வந்தபோது புளியமரத்தடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. சேவல், பெட்டை, குஞ்சு, எதுவும் மிஞ்சவில்லை. மாமியார் காலத்திலிருந்து வந்த வழி அத்தோடு நின்றது. அவள் குழி தோண்டினாள். சாப்பிட்ட தட்டை எடுத்து வைப்பதுபோல ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தாள். மண்ணைத் தள்ளினாள். கை கழுவிவிட்டு உலை வைக்கப் போனாள்.

அழவே இல்லை. மகளுக்கும் அழவில்லை, கோழிக்கும் அழவில்லை. களை எடுக்கப் போனாள், பால் வாங்கப் போனாள், ரேஷனுக்குப் போனாள். எதைக் கேட்டாலும் "ம்" என்பாள். ஒரு பௌர்ணமி சாயங்காலம் கூட்டம் தாங்காமல் மோர் ஊற்ற அவளைக் கூப்பிட்டேன். டம்ளர் நிரம்பி வழிந்தது, அவள் கை நிற்கவில்லை. வாங்க நின்றவர் "அம்மா, போதும்மா" என்றார். அதற்கும் "ம்" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. "அழுது தொலையேன் யக்கா" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அவள் டம்ளரைத் துடைத்து வைத்தாள்.

சும்மா இருக்க மாட்டாமல் நான் ஒரு காரியம் செய்தேன். சந்தையில் ஒருவன் ஒரிஜினல் சிறுவிடை என்று சத்தியம் பண்ணிக் குஞ்சு விற்றான். வாங்கிக்கொண்டு வந்து அவள் வாசலில் விட்டேன். வளர வளரத் தெரிந்தது லட்சணம். கால் மஞ்சளாகத் தடித்தது. மரத்தை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. காக்காய் நிழல் பட்டாலே எகிறாமல் கூண்டுக்குள் ஓடி ஒடுங்கின. சுத்தமான கிராஸ், கலப்புக் கோழி. நான் அவனைத் திட்டித் தீர்த்தேன். பச்சையம்மாள் அவற்றுக்கும் வேளாவேளைக்கு நொய் போட்டாள், தண்ணீர் வைத்தாள்.

"நல்லா இல்லியா யக்கா?" என்று கேட்டேன்.

"நல்லாதான் கீது."

நொய்யை இறைத்துக்கொண்டே அவளாகவே சொன்னாள். "கவியா வளத்ததுல ஒன்னு கெடச்சா போதும் கஸ்தூரி. வேற எதுவும் வேணாம்."

மகள் போனதிலிருந்து அவள் வேண்டும் என்று சொன்னது அது ஒன்றுதான். "போய்க் கேளேன். கெணத்துலயா கீது? இதோ இருக்குது வேங்கிக்காலு" என்றேன்.

"பொண்ணோட குடுத்தத திருப்பிக் கேப்பாங்களா? நல்லா கீது நீ சொல்றது."

அது அவர்கள் வீட்டு வழக்கம். பெண் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கொடுத்ததைக் கேட்டு வாசல் மிதிக்கக் கூடாது. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், அவள் அசையவில்லை. அப்படியே தை, மாசி போயின.

பங்குனியில் கவியாவின் மாமியார் பொன்னியைக் கலெக்டர் ஆபீஸ் பக்கம் பார்த்தேன். மணிவேலுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டதாம். வீட்டைக் காலி செய்கிறார்களாம். "கோழிங்கள இன்னா பண்றதுன்னு தெரியல. ஞாயித்துக்கிழம கறிக்கடக்காரன வரச் சொல்லிக்கீறேன்" என்றார்.

நேராகப் பச்சையம்மாளிடம் வந்தேன். "திருப்பிக் கேக்க வேணாம். வாரத்துக்குக் கேளு" என்றேன். வாரம் என்றால், ஒருவர் கோழியை இன்னொருவர் வாங்கி வளர்ப்பது. பொரிக்கிற குஞ்சில் ஆளுக்குப் பாதி. வாரத்துக்கு யாரும் யாரிடமும் கேட்கலாம், அதில் மானக்கேடு கிடையாது. அவள் எழுந்து புடவையை உதறிக்கொண்டாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டாள்.

பொன்னியின் வீட்டைச் சுற்றி இப்போதெல்லாம் புது வீடுகள். பின்பக்கம் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. கவியா போனபிறகு பக்கத்து வீட்டுக் கோழிகளும் வந்து ஒட்டிக்கொண்டனவாம்.

"சம்மந்தி, வாரத்துக்கு ஒரு பெட்ட வேணும்" என்றாள் பச்சையம்மாள்.

"வாரமாவது ஒன்னாவது, வேணுங்கறத எடுத்துனு போங்க" என்று பொன்னி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "எது அவளுதுன்னு மட்டும் எனக்குத் தெரியாது. எனக்குக் கோழின்னாலே ஆவாது. எல்லாம் அவதான் பாத்துனு இருந்தா."

பச்சையம்மாள் அரிசியை இறைத்து, ஒவ்வொன்றாகப் பிடித்தாள். பிடித்ததும் இடது காலைப் பார்ப்பாள். விரல் முழுசாக இருக்கும். கீழே விடுவாள். அடுத்தது. இடது கால். விரல் முழுசு. சில கோழிகள் தடித்த கிராஸ், பார்த்ததுமே தெரிந்தது. ஒரு புள்ளிப் பெட்டை மட்டும் சின்ன உடம்பும் சாம்பல் காலுமாக, எனக்கு அப்படியே பழைய கோழியைப் பார்த்ததுபோல இருந்தது. அதன் இடது காலிலும் வெட்டு இல்லை. அதையும் விட்டுவிட்டாள்.

"யக்கா, அது சிறுவிடதான். கால பாரு, கொண்டைய பாரு" என்றேன்.

"சிறுவிடன்னு தெரியுது. எங்களுதான்னு தெரியலியே." கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "இல்ல சம்மந்தி, எதுவும் இல்ல. வரோம்."

அவ்வளவுதான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. காலிக் கூடையை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். குழிக்கு மண் தள்ளிய அதே முகம். எனக்கு வந்ததே ஆத்திரம். யார்மேல் என்று இன்றுவரை தெரியவில்லை. அந்தப் புள்ளிப் பெட்டையைத் துரத்தினேன். அது குளியலறைச் சுவர்மேல் பறந்து உட்கார்ந்தது. எட்டிக் காலைப் பிடித்து இழுத்தேன். இறக்கையால் என் முகத்தில் அடித்தது. இறுக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தால், என் கையில் இருந்தது வலது கால்.

உள்விரல் நுனி இல்லை. மழுங்கலாக, வழவழவென்று இருந்தது.

எங்கள் வீட்டு அடையாளம். எங்கள் வீட்டில் கோழி நின்றுபோய் எத்தனையோ வருஷமாகிறது. அந்த அடையாளத்தோடு உலகத்தில் ஒரு கோழி இருக்க வழியே இல்லை.

"யக்கா" என்று கூப்பிட்டேன். "இது எங்க வூட்டுக் கோழி."

அவள் திரும்பினாள். வந்தாள். அந்தக் காலை வாங்கி, விரலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். பிறகு பேசினாள். என்னிடம் இல்லை, பொன்னியிடமும் இல்லை. கவியா எதிரில் நிற்பதுபோல, அதட்டலாக.

"பீச்சாங்கையால வெட்டாதடி, பீச்சாங்கையால வெட்டாதடின்னு எத்தினி வாட்டி சொன்னேன். எத்தினி வாட்டி சொன்னேன்."

பொன்னி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அவள் அழவில்லை. கோழியைக் கூடையில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தாள். செங்கம் ரோடு திருப்பம்வரை அவள் கட்டைவிரல் அந்த விரலை விட்டு நகரவில்லை.

சேவல் வேண்டுமே. சோமாசிபாடிப் பக்கம் தெரிந்தவர் வீட்டிலிருந்து சிறுவிடைச் சேவல் ஒன்று வந்தது. இந்த முறை காலைப் பார்த்துத்தான் வாங்கினேன். சித்திரையில் புள்ளிப் பெட்டை முட்டை வைத்தது, தானாகவே அடை உட்கார்ந்தது. வைகாசியில் குஞ்சு பொரித்தது. பாதிக் குஞ்சு ஓசூருக்குப் போகும் என்று பச்சையம்மாள் சொல்லிவிட்டாள். வாரம் என்று கேட்டது வாரம்தானாம்.

குஞ்சைக் கூடையிலிருந்து இறக்குகிற அன்று நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். மஞ்சளும் நகவெட்டியும் எடுத்து வந்து உட்கார்ந்தாள். முதல் குஞ்சை எடுத்தாள். வழக்கம்போலப் பீச்சாங்கையில் பிடித்தாள், சோற்றுக்கையில் நகவெட்டி. இடது கால் வாகாக வந்தது. வெட்டவில்லை. பிறகு குஞ்சைக் கை மாற்றினாள், நகவெட்டியையும் கை மாற்றினாள். பழக்கமில்லாத கையில் நகவெட்டி வழுக்கியது. குஞ்சு கத்தியது. பார்த்துப் பார்த்து, மெதுவாக, வலது கால் விரலை வெட்டினாள்.

மஞ்சளை அப்பிவிட்டு, தலையைத் தூக்காமலே என்னிடம் கேட்டாள்.

"நீ மறுபடியும் கோழி வளப்பியா கஸ்தூரி?"

"இன்னாத்துக்குக் கேக்கற?"

"வளத்தா உன் அடையாளத்த மாத்திக்க" என்றாள், அடுத்த குஞ்சை எடுத்துக்கொண்டே.