சிலேட்டில் எண்ணிய ஊர்

கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டு கிராமம், புறநகர், நகரம் என்று எழுதிய அன்றைக்குத்தான் அந்த யோசனை எனக்கு வந்தது. மூன்றாம் வகுப்பு. "நம்ம ஊரு இதுல எதுல வரும்?" என்று கேட்டிருந்தேன். நகரம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள், மணியடிப்பதற்குள் அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம் என்பது என் கணக்கு.

"கிராமம் டீச்சர். எங்க ரோட்டுல மாடு படுத்திருக்கு."

"மாடு மெட்ராஸ்லயும் படுத்திருக்கும். நான் பாத்திருக்கேன்."

"இது ப்ளாக் டீச்சர். கிராமத்துக்கு நம்பர் கிடையாது."

எங்களுடையது சுரங்கக் கம்பெனி கட்டிய குடியிருப்பு; நம்பர் போட்ட ப்ளாக்குகள், வேலையில் இருக்கும்வரை குவார்ட்டர்ஸ். புறநகர் என்றால் தாம்பரம் மாதிரி, காலையில் மின்சார ரயிலைப் பிடித்து வேலைக்குப் போவார்கள், ராத்திரி தூங்க வீட்டுக்கு வருவார்கள் என்று விளக்கினேன். கேள்வி கேட்பதற்கென்றே பள்ளிக்கூடம் வருகிற பையன் ஒருவன் முன் வரிசையில் இருந்தான். எழுந்தான். "எங்கப்பா நைட் ஷிஃப்ட். ராத்திரி வேலைக்குப் போயிட்டுப் பகல்ல தூங்குறாரு. அப்ப நாங்க என்ன டீச்சர்?"

வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்களே, அது என்ன என்று கேட்டேன். "அது தாத்தா வீடு" என்றார்கள். கிராமம் என்பது புத்தகத்தில் இருப்பது. மலை, ஆறு, இரண்டு தென்னை மரம். சைக்கிளில் போனால் வேர்ப்பதற்குள் வந்துவிடும் ஊர்களை ஒருத்தருமே பார்த்ததில்லை. இவர்களை ஒரு ஊருக்குக் கூட்டிப் போனால் என்ன?

ஆசிரியப் பயிற்சி முடித்து, பிரசவ லீவில் போன ஒரு டீச்சருக்குப் பதிலாக வந்திருந்தவள் நான். ஒரு யோசனை வந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மறுநாள் காலையே எங்கள் தெருவுக்கு மோர் கொண்டுவரும் அக்காவைப் பிடித்தேன்.

கம்மாபுரம் பக்கத்து ஊர் அவருக்கு. அப்போதெல்லாம் அவர் மோரோடு சேர்த்து ஒரு வீட்டையும் எங்கள் தெருவில் சுமந்துகொண்டு திரிந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். கூரையைப் பிரித்துவிட்டு ஓட்டு வீடு கட்டப்போகிறார்கள். மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, விற்ற காசில் செங்கல் வந்து இறங்கியாயிற்று. அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் தோண்டியாயிற்று. தெரு வாசல் எந்தப் பக்கம் என்பதில் மட்டும் வீட்டுக்காரருக்கும் அவருக்கும் தகராறு. என் அம்மா செம்பை நீட்டியபடியே அந்தத் தகராறில் தினமும் தீர்ப்பு சொல்வாள்.

"எங்க ஊர்ல பாக்கறதுக்கு என்னாங்க இருக்குது டீச்சரம்மா?" என்றார்.

"ஒண்ணும் இல்லாததத்தான்க்கா பாக்கணும்."

"அப்ப இட்டுக்கினு வாங்க. பசங்களுக்கு மோரு நான் தரேன். காசு வாணாம்."

சனிக்கிழமை டவுன் பஸ்ஸில் போய் இறங்கினோம். பிள்ளைகள் சும்மா நடந்தால் விளையாடிவிடுவார்கள் என்று ஆளுக்கொரு வேலை கொடுத்திருந்தேன். ஒரு கூட்டம் வீடுகளை எண்ண வேண்டும். ஓடு எத்தனை, கூரை எத்தனை. ஒரு கூட்டம் கிணறு. ஒரு கூட்டம் மரம். எண்ணி எண்ணிச் சிலேட்டில் கோடு போட வேண்டும். பயிற்சிப் பள்ளியில் எனக்குக் கைதட்டல் வாங்கித் தந்த முறை அது. அதற்கு அங்கே சொல்லிக்கொடுத்த பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தேன்.

"என்னா பண்றீங்க கண்ணு?" என்று ஒரு வீட்டு வாசலில் கேட்டார்கள்.

"சர்வே பண்றோம்" என்றான் என் முன் வரிசைப் பையன், பெருமையாக.

அந்த ஊருக்குக் கிழக்கே இருந்த ஊர்கள் சில வருஷம் முன்னால்தான் சுரங்கத்துக்குப் போயிருந்தன. அங்கேயும் முதலில் ஆட்கள் வந்து எண்ணினார்கள். வீடு, கிணறு, மரம். அவற்றுக்குத்தானே நஷ்டஈடு. இது எனக்குத் தெரியாத செய்தி இல்லை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரப் பேச்சில் நூறு தடவை வந்த செய்தி. அதுவும் என் பாடமும் ஒன்றையொன்று தொடும் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

மோர்க்கார அக்காவின் வீட்டுக்காரர் கடைக்கால் குழிக்குள் நின்று மண்ணை வாரிக்கொண்டிருந்தார். பையன் குழியின் ஓரத்தில் போய் நின்றான்.

"நீங்க எப்ப காலி பண்ணணும்?"

"என்னாது?"

"வீட்டை. எங்கப்பா ரிடையர் ஆனா நாங்க காலி பண்ணணும். உங்களுக்கு எப்ப?"

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். "காலி பண்ணணும்னு யாரு சொன்னது தம்பி?"

"எல்லாரும் காலி பண்ணணுமே" என்றான் அவன். அவன் பிறந்ததிலிருந்து பார்த்த வீடெல்லாம் அப்படித்தான். நான் பார்த்ததும்.

அதற்குள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். எதுவரைக்கும் எடுக்கிறார்கள், முந்திரியும் கணக்கில் சேர்த்தியா, வருகிற அறுப்பு நமக்கா இல்லையா என்று ஆளுக்கொரு கேள்வி. இது பாடம்ங்க, வெறும் பாடம் என்று நான் மாறிமாறிச் சொன்னேன். எழுதியதைக் காட்டுங்கள் என்றார் ஒருவர். பிள்ளைகள் மோர் குடித்த கையோடு சிலேட்டை அழித்துவிட்டு ஆளாளுக்கு ஆட்டுக்குட்டி வரைந்திருந்தார்கள்.

"ஆட்டையும் எண்ணிக்கினாங்கடா" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. குழிக்குள் நின்றவர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"உங்கப்பா எங்க வேல செய்யறாரும்மா?"

"மைன்ஸ்லங்க."

"பர்மனெண்ட்டா?"

"ஆமாங்க."

"அப்ப சரி" என்றார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழியை விட்டு ஏறிவிட்டார்.

ராத்திரி அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அப்பா சுரங்கத்தில் ஃபிட்டர். இங்கே வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் திருநெல்வேலிப் பேச்சு போகாதவர். அந்த ஊரை எடுப்பார்களா என்று கேட்டேன்.

"ஏட்டி, வெட்டச் சொன்ன இடத்துல வெட்டுதாங்க. நின்ன மிசினை நான் ஓட வைக்கேன். நாளைக்கு எங்க வெட்டணும்னு எங்கிட்டயா வந்து கேக்குதாங்க?"

பிறகும் மோர் வந்தது. வீட்டுப் பேச்சு வரவில்லை. தெரு வாசல் என்ன ஆயிற்று என்று அம்மாதான் ஒருநாள் கேட்டாள்.

"கல்லுங்கள முத்தாண்டிக்குப்பத்துக்கு ஏத்தி வுட்டாச்சும்மா. அங்க ஒருத்தரு வூடு கட்டறாரு."

நான் உள்ளேயிருந்து ஓடி வந்தேன். "ஏன்க்கா?"

"எடுக்கப்போற எடத்துல எவனாவது வூடு கட்டுவானா?"

"யாரும் எடுக்கலையேக்கா. அது பிள்ளைங்க பாடம்தானே?"

அவர் படியில் உட்கார்ந்து சும்மாட்டை உதறினார். கோபமாகப் பேசியிருந்தால் எனக்கும் பதில் இருந்திருக்கும். "சரி பாப்பா. எடுக்கமாட்டாங்கன்னு நீ சொல்லு. நீ படிச்ச பொண்ணு. உங்கப்பா உள்ளயே வேல செய்யறாரு. நீ சொன்னா நாளைக்கே கல்ல திருப்பிக் கொண்டாறச் சொல்றேன்."

எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டிலேயே ஒருவருக்கும் தெரியாது.

ஐப்பசி மழையில் கடைக்கால் குழியில் தண்ணீர் நின்று கரை சரிந்தது. கூரையை மறுபடி வேய்ந்துகொண்டார்கள். எடுப்பதாக எந்தத் தாக்கீதும் வரவில்லை. செங்கல் விலை மட்டும் ஏறியது. நாங்கள் எண்ணிய ஊர் அதே இடத்தில் இருக்க, வரவேண்டிய ஒரு வீடு மட்டும் இல்லாமல் போனது.

பலகையில் போட்ட அந்தக் கட்டங்களைப் பற்றி இப்போதும் யோசிக்கிறேன். மெட்ராஸில் என் மாமா வீட்டுக்குப் போனால் சொந்த வீடா வாடகையா என்று கேட்பார்கள். எங்கள் ப்ளாக்கில் என்ன டைப் குவார்ட்டர்ஸ் என்று கேட்பார்கள். அந்த ஊரில் அப்படி ஒரு கேள்வியே இல்லாமல் இருந்தது. அதைத்தான் நான் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்க வேண்டும். காட்டுவதற்கு முன்னால் நாங்களே அதைக் கெடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டோம்.

வருத்தப்பட்டுக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது. நிலம் எடுப்பதற்கென்று ஒரு ஆபீஸ் இருக்கிறதே, அங்கே போய்க் கேட்டால் என்ன என்று போன வாரம் அக்காவிடம் சொன்னேன். கேட்டால் சொல்லிவிடுவார்களா என்றார். சொல்லமாட்டார்கள் என்றுதான் எனக்கும் படுகிறது.

"எங்க வூட்டுக்காரரு வருவாரான்னு தெரியல பாப்பா. கேட்டுப் பாக்கறேன்."

திங்கட்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் வந்தால் இரண்டு பேருமாக, வராவிட்டால் நான் மட்டுமாக, அந்த ஊரின் பெயரைச் சொல்லி எடுக்கிறீர்களா இல்லையா என்று கேட்கப்போகிறேன். நாளை வா என்றால் நாளையும் போவேன்.